மனநோயும் நம் சமூகங்களும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டமொன்றில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரை)

 

விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரை நிரையாக மரம் சீவி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே, அலங்காரமாகப் பேசி உங்கள் பொழுதைப் போக்க நான் விரும்பவில்லை. நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒரு செய்தியைப் பேசவே வந்திருக்கிறேன். அச்செய்தி மனநோய் பற்றியது.

காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம். நீரிழிவு இருந்தால், "எனக்குச் சீனி போடாதீர்கள்" என்று விருந்துக்குப் போன இடத்திலும் கூறுகிறோம். கால் முறிந்தால் ஊரே வந்து பார்க்கிறது. ஆனால், மனம் நோயுற்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்; குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இது தமிழர்க்கு மட்டுமே உரிய வழக்கமா? நம் நாட்டின் பிற இனத்தார் இந்நோயை எவ்வாறு காண்கின்றனர்? உலகின் பிற மக்கள் என்ன கருதுகின்றனர்? அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத் தக்கது எது? இவையே இன்றைய உரையின் பொருளாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஒரு நோய்க்கு நாம் என்ன பெயர் சூட்டுகிறோமோ, அந்தப் பெயரே நாம் முதலில் எந்தக் கதவைத் தட்டுவோம் என்பதைத் தீர்மானிக்கிறது. "பேய்" என்றால் பூசாரி வீட்டுக் கதவு. "நரம்புத் தளர்ச்சி" என்றால் மருந்துக் கடைக் கதவு. "அவமானம்" என்றால் எந்தக் கதவும் இல்லை; நம் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வதோடு சரி. இதற்கிடையில் கழிந்துபோகும் நாட்களுக்கு விலை கொடுப்பவர் நோயாளியே ஆவார்.

ஒரே நோய், மூன்று வீடுகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் வீடு, தோட்டத்தை அடுத்த கம்போங்கில் உள்ள மலாய்க்காரர் வீடு. இரண்டாவது, புதுக்கிராமத்தில் உள்ள சீனர் வீடு. மூன்றாவது, நம் லயத்தில் உள்ள தமிழர் வீடு. மூன்று வீட்டிலும் இளம் பெண்கள் பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகிறது. மூவரும் இரவு பகலாக உறங்கவில்லை. ஏதேதோ பேசுகின்றனர், யாரோ தம்மை அழைப்பதாகக் கூறுகின்றனர், பெற்ற பிள்ளையையே கண்டு மிரளுகின்றனர்.

மலாய் வீட்டில் மூத்த பெண்கள் இதனை "மெரோயான்" என்பர். பிள்ளைப்பேற்றால் தளர்ந்த உடலில் கேடான காற்று புகுந்துவிட்டது என்பது அவர்களின் பழைய விளக்கம். 44 நாள் கடைப்பிடிக்கும் "பந்தாங்" என்னும் கட்டுப்பாட்டில் எங்கோ பிசகு நேர்ந்தது என்று வருந்துவர். சீன வீட்டில் ஒரு மாத காலம் தாய் வெளியே செல்லாமல், குளிர்ச்சியான உணவு உண்ணாமல், காற்றுப் படாமல் இருக்க வேண்டும் என்பது மரபு. அதில் தவறியதால் வந்த கோளாறு என்று பாட்டி கூறுவார். தமிழ் வீட்டிலோ, "சன்னி கண்டுவிட்டது" என்பார் ஒருவர். "பச்சை உடம்போடு வாசலுக்குப் போனாள், ஏதோ அண்டிவிட்டது" என்பார் மற்றொருவர்.

மூன்று வீட்டிலும் பெயர்கள் வேறு. எனினும், சற்று உற்று நோக்குங்கள். பிள்ளை பெற்றவளின் உடல் தளர்ந்திருக்கிறது. அவளுக்கு ஓய்வும் காவலும் வேண்டும். அக்காலத்தில் மனம் கலங்கும் அபாயம் உண்டு. இவ்வுண்மையை மூன்று இனத்துப் பாட்டிமாரும் அறிந்திருந்தனர். அந்த அறிவை நாம் எள்ளி நகையாடலாகாது.

மருத்துவர்கள் இதனைப் பிரசவத்துக்குப் பிந்திய மனநோய் என்கின்றனர். 1,000 பிரசவங்களில் ஒருவர் அல்லது இருவரை இது தாக்குகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்குகிறது. தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரக்கூடிய அவசர நிலை இது. அன்றைய தினமே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், பெரும்பாலான தாய்மார்கள் முழுமையாகக் குணமடைந்து வீடு திரும்புகின்றனர். ஆகவே, அம்மூன்று வீடுகளில் எந்த வீடு முதலில் வண்டி பிடிக்கிறதோ அந்த வீட்டில்தான் துன்பம் விரைவில் தீரும். அந்த வீட்டார் எந்த இனத்தவர், நோய்க்கு என்ன பெயர் சொன்னார்கள் என்பதை நோய் கேட்பதில்லை.

மலாய் மக்களின் கருத்து

இனி, ஒவ்வொரு சமூகத்தின் கருத்தையும் சற்று விரிவாகக் காண்போம்.

மலாய் மொழியில் மனநோயை "சாக்கிட் ஜீவா" என்பர். "ஜீவா" என்பது நமக்கும் தெரிந்த "ஜீவன்" என்னும் வடசொல்லே ஆகும். ஜீவனுக்கு வந்த நோவு என்பது அதன் பொருள். மனிதனுக்குள் "செமாங்காட்" என்னும் உயிராற்றல் உண்டு, அது தளர்ந்தால் மனிதன் அஞ்சி ஒடுங்கிவிடுவான் என்பது மலாய் முன்னோரின் எண்ணம். மேலும், ஒவ்வொருவருக்குள்ளும் பிறவியிலேயே "ஆஙின்", அதாவது காற்று என்று சொல்லப்படும் ஒரு வேட்கை உண்டு. அது நிறைவேறாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தால் நோயாக மாறும் என்றும் அவர்கள் கருதினர்.

கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் "மாயின் புத்திரி" என்னும் மரபுச் சிகிச்சை இதன் அடிப்படையில் எழுந்ததே. ரெபாப் என்னும் நரம்புக் கருவி இசைக்க, முரசு முழங்க, உறவினரும் அயலாரும் சூழ்ந்திருக்க, நோயாளியின் உள்ளே அடைபட்ட வேட்கையை வெளிக்கொணர முயல்வர். நோயாளி தனித்து விடப்படுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலாய் மனநோயாளிகள் 134 பேரிடம் மலேசிய மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் தம் நோய்க்குச் சூனியமோ தீய ஆவியோ காரணம் என்று நம்பினர். அவ்வாறு நம்பியவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்பதும் தெரிய வந்தது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இந்த நம்பிக்கையில் காணப்படவில்லை. "படிப்பறிவற்றவர்கள்தாம் பேய் பிசாசு என்பார்கள்" என்று பட்டணத்தில் இருந்துகொண்டு நம்மைப் பார்த்துச் சொல்வோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

சீன மக்களின் கருத்து

சீனச் சமூகத்தில் குடும்ப மானம் மிகப் பெரிது. ஒருவரின் மனநோய் அவரது உடன்பிறந்தாரின் திருமணத்தையும் பாதிக்கும் என்ற அச்சம் அவர்களிடமும் உண்டு. ஆகவே, மனம் நோகிறது என்று கூறுவதைவிட உடல் நோகிறது என்று கூறுவது அவர்களுக்கு எளிதாயிற்று.

இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. ஆர்தர் கிளைன்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1980-ஆம் ஆண்டில் சீனாவின் ஹுனான் மாநிலத்துக்குச் சென்றார். அங்கே "நரம்புத் தளர்ச்சி" என்று பெயரிடப்பட்டுச் சிகிச்சை பெற்று வந்த 100 பேரைப் பரிசோதித்தார். தலைவலி, தலைசுற்றல், உறக்கமின்மை, உடல் அசதி என்றே அவர்கள் முறையிட்டனர். ஆயினும், அவர்களில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு நோயே என்று அவர் கண்டறிந்தார்.

"நரம்புத் தளர்ச்சி" என்னும் சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் புன்னகைக்கிறீர்கள். ஏன்? அது நம் வழக்கிலும் உள்ள சொல் அன்றோ? நம் தாய்மார்களும் மருந்தகத்துக்குச் சென்று, "நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, சோறு இறங்கவில்லை" என்றே கூறுகின்றனர். அழுகை வருகிறது, வாழப் பிடிக்கவில்லை என்பதைக் கடைசி வரையில் கூறுவதில்லை. தலைவலிக்கு மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். மனச்சோர்வு வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

தமிழரின் கருத்து

இனி, நம்மிடம் வருவோம். செய்வினை, ஏவல், பில்லி சூனியம், கண்ணேறு, கிரக தோஷம், முன்வினை, குலதெய்வக் குற்றம் என நாம் கூறும் காரணங்கள் பல. அதே வேளையில், பழைய மருத்துவ மரபு வேறொன்றையும் கூறியிருக்கிறது. ஆயுர்வேதத்தின் மூல நூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதை மனநோயை "உன்மாதம்" என்று அழைத்து, அதனை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வாதத்தால் வருவது, பித்தத்தால் வருவது, கபத்தால் வருவது, மூன்றும் சேர்ந்து கெடுவதால் வருவது என நான்கு வகைகள் உடலைச் சார்ந்தவை. ஐந்தாவது வகை மட்டுமே தெய்வம், பூதம் முதலிய புறக் காரணங்களால் வருவதாகச் சொல்லப்பட்டது. அதாவது, அக்கால வைத்தியரே ஐந்தில் நான்கு பங்கை உடலின் கோளாறு என்றுதான் கணக்கிட்டார். நாமோ அந்த நான்கையும் மறந்து ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். "அப்படியானால் திருவிழாவில் சாமி வருகிறதே, அதுவும் நோயா?" அன்று. நம் மக்களே இவ்விரண்டையும் நன்கு வேறுபடுத்தி அறிவார்கள். மாரியம்மன் திருவிழாவிலோ தைப்பூசத்திலோ ஒருவர்மீது சாமி வருகிறது. அதற்குரிய இடம் உண்டு, நாள் உண்டு, உடுக்கையும் பம்பையும் உண்டு. திருநீறு பூசியதும் தணிகிறது. மறுநாள் அவர் வழக்கம்போல் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்காட்டுக்குச் செல்கிறார். ஆனால், இடமும் நேரமும் இல்லாமல் வாரக்கணக்கில் உறங்காதிருப்பதும், இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுவதும், குளிக்காமல், உண்ணாமல், வேலைக்குச் செல்லாமல் இருப்பதும், மனைவியே தனக்கு விஷம் வைப்பதாக அஞ்சுவதும் வேறு. முன்னது வழிபாடு, பின்னது நோய்.

இதே வேறுபாட்டை உலகின் பிற மக்களும் அறிந்துள்ளனர். ஜேன் மர்ஃபி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1976-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பனி சூழ்ந்த பெரிங் கடல் பகுதியில் வாழும் எஸ்கிமோ மக்களிடையேயும், வெப்பம் மிகுந்த நைஜீரிய நாட்டின் யொருபா மக்களிடையேயும் அவர் வாழ்ந்து ஆராய்ந்தார். ஒருவரையொருவர் கண்டறியாத அவ்விரு மக்களின் மொழிகளிலும் மனநோயைக் குறிக்கத் தனிச்சொல் இருந்தது. தனக்குத்தானே பேசுதல், இல்லாததைக் கேட்டல், உண்ண மறுத்தல் போன்ற ஒத்த அடையாளங்களையே இரு மக்களும் கூறினர். ஆனால், சடங்கின்போது ஆவேசம் கொள்ளும் தம் மருத்துவரை அவர்கள் அச்சொல்லால் அழைப்பதில்லை. ஆகவே, மனநோய் என்பது வெள்ளைக்காரர் கொண்டு வந்த கற்பனை அன்று. எல்லா மண்ணிலும் அது உண்டு. எல்லா மக்களும் அதனை அறிவர். கடுமையான மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உள்ளது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எனவே, "இது இன்ன இனத்தாரின் பைத்தியம்" என்று ஓர் இனத்தின்மீது முத்திரை குத்துவதும் தவறு. "அமோக்" என்னும் மலாய்ச் சொல் ஆங்கிலத்திலும் புகுந்துவிட்டது. மன உளைச்சலால் திடீரென வெறிகொண்டு கண்டவரைத் தாக்குவதை அது குறிக்கும். காலனித்துவ காலத்து அதிகாரிகள் பலர் அதனை மலாய்க்காரரின் பிறவிக் குணம் என்று எழுதி வைத்தனர். ஆனால், அதனையொத்த நிகழ்ச்சிகள் பல்வேறு நாடுகளில், பல்வேறு இனத்தாரிடையே நிகழ்வதை இன்று உலகம் காண்கிறது.

பழங்குடி மக்களையும் மறத்தலாகாது. பேராக், கிளந்தான் மலைக்காடுகளில் வாழும் தெமியார் மக்கள், மனிதனின் தலையில் குடியிருக்கும் ஆன்மா வழிதவறிப் போனால் நோய் வரும் என்று கருதுகின்றனர். இரவு நேரத்தில் குடியிருப்பினர் அனைவரும் ஒன்றுகூடுவர். பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டி ஒலி எழுப்ப, மருத்துவர் தாம் கனவில் பெற்ற பாடல்களைப் பாடி அந்த ஆன்மாவை மீட்டு வருவதாக நம்புவர். நோய் ஒருவருடையது, கவலையோ குடியிருப்பு முழுவதற்கும் உரியது. இப்பண்பு நாம் போற்றத் தக்கதாகும்.

பெயரில் இருக்கிறது பாதி நோய்

எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டென்றால், அது வெட்கம். இந்த வெட்கத்தை வளர்ப்பவை நாம் வழங்கும் பெயர்களே.

பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை தோன்றியது. அன்றுமுதல் அந்த ஊரின் பெயரே ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று எல்லா இனத்தாரும் கேலி பேசுகின்றனர். ஆனால், அந்த மருத்துவமனையின் இன்றைய பெயர் என்ன? "பஹாகியா" மருத்துவமனை. மலாய் மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். நமது "பாக்கியம்" என்னும் சொல்லின் உடன்பிறப்பு அது. கூச்சிங்கில் உள்ளது "செந்தோசா" மருத்துவமனை. அது "சந்தோஷம்" என்னும் சொல்லின் வழி வந்தது. மலாயில் அமைதியைக் குறிக்கும். ஜொகூரின் தம்போயில் உள்ளது "பெர்மாய்". கோத்தா கினபாலுவில் உள்ளது "மெஸ்ரா", அதாவது அன்பு நிறைந்தது. பாக்கியம், சந்தோஷம் என்று நாடு பெயர் சூட்டியிருக்க, நாம் இன்னும் பழைய வசையைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமா?

பெயரை மாற்றுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஜப்பானில் மனச்சிதைவு நோய்க்கு "மனம் பிளந்த நோய்" என்னும் பொருள்படும் பெயரே நெடுங்காலம் வழங்கியது. அதனைச் சொல்ல மருத்துவர்களே தயங்கினர். 2002-ஆம் ஆண்டில் "ஒருங்கிணைப்புக் குலைவு" என்னும் பொருளில் அதற்குப் புதுப்பெயர் சூட்டினர். அதற்கு முன்னர் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் கூடுதலானோருக்கே மருத்துவர்கள் நோயின் பெயரைத் தெரிவித்து வந்தனர். இரண்டே ஆண்டுகளில் அந்த அளவு ஏறத்தாழ 70 விழுக்காடாக உயர்ந்தது. கொரியர்கள் இன்னும் அழகான பெயரைச் சூட்டினர்: நரம்புக் கருவியைச் சுருதி கூட்டுவது போன்ற பொருள் தரும் சொல் அது. சுருதி குலைந்த வீணையை யாரும் உடைத்து எறிவதில்லை. சுருதி கூட்டித் திரும்பவும் வாசிக்கின்றனர்.

நாமும் நம் லயத்தில் இதனைச் செய்யலாம். "பைத்தியம்", "லூசு", "கிறுக்கு" என்னும் சொற்களை இன்றோடு விட்டொழிப்போம். "அவருக்கு மனநலம் சரியில்லை, மருந்து சாப்பிடுகிறார்" என்று சொல்லப் பழகுவோம். குறிப்பாகப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்னும் முறையில் கூறுகிறேன்: தாயின் நோயைச் சொல்லிக் கேலி செய்யப்படும் மாணவன் மெல்ல மெல்லப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான். நோய் ஒருவருக்கு, தண்டனை இரு தலைமுறைக்கு.

சங்கிலியும் திண்ணையும்

தாமதமும் வெட்கமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு கொடுமையே சாட்சி. இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என எல்லாச் சமயத்தாரும் தம் மனநோயாளிகளை அழைத்துச் செல்வது வழக்கம். அங்குத் தனியார் சிலர் நடத்திய காப்பகங்களில் நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்று தீப்பற்றிக்கொண்டது. ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றோர் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. வேறு கதவு தெரியாமல் அந்தக் கதவைத் தட்டினர்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றையும் கூறுகிறேன். நைஜீரியாவைச் சேர்ந்த தோமஸ் லாம்போ என்னும் மனநல மருத்துவர், 1954-ஆம் ஆண்டில் ஆரோ என்னும் இடத்தில் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். நோயாளிகளை மதிலுக்குள் அடைக்கவில்லை. உறவினர் ஒருவரோடு சுற்றியுள்ள கிராமத்து வீடுகளில் தங்கச் செய்தார். அவர்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். கிராமத்து வயல்களில் வேலையும் செய்தனர். நாட்டு மருத்துவர்களையும் அவர் பகைத்துக்கொள்ளாமல் துணையாகச் சேர்த்துக்கொண்டார். மருந்து, உறவு, உழைப்பு, நம்பிக்கை ஆகிய நான்கும் கைகோத்தன. உலகமே அந்த முறையைக் கவனித்தது. பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகவும் அவர் உயர்ந்தார்.

ஆலயத்துக்குச் செல்லாதீர்கள் என்று நான் கூறவில்லை. அர்ச்சனை செய்யுங்கள், திருநீறு பூசுங்கள், குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள். அது குடும்பத்துக்கு ஆறுதல் தரும். ஆனால், அதே நாளில் மருத்துவரிடமும் செல்லுங்கள். ஆலய நிர்வாகத்தினரிடமும் பூசாரிகளிடமும் ஒரு வேண்டுகோள்: உங்களை நாடி வருவோரிடம், "மருத்துவரையும் பாருங்கள்" என்று ஒரு சொல் கூறுங்கள். நாங்கள் நூறு துண்டுப் பிரசுரங்களை வழங்குவதைவிட உங்களது அந்த ஒரு சொல் பெரும்பயன் விளைக்கும். நோயாளியை அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, உட்கொள்ளும் மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றை யார் செய்தாலும் அனுமதிக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக நீங்காத துயரம், உறக்கக் கேடு, எதிலும் பற்றின்மை, வேலையில் திடீர்த் தளர்ச்சி, தனிமையை நாடுதல், இல்லாத குரல் கேட்டல், காரணமற்ற சந்தேகம் ஆகியவை கண்டால் காத்திருக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேற்பட்டோரிலும் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10 இலட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். ஆகவே, "நம் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?" என்று யாரும் குமைய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, குடிப்பழக்கம் உள்ள வீட்டார் இதனைக் கருத்தூன்றிக் கேளுங்கள். நெடுநாள் சம்சுவோ வேறு மதுவோ அளவுமீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத உருவங்களைக் கண்டு அலறக்கூடும். பேய் அடித்தது என்று உடுக்கை அடித்துக்கொண்டிருந்தால் உயிரே போகக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவதாக, செல்ல வேண்டிய இடம் தொலைவில் இல்லை. தோட்ட மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ தொடங்கலாம். தேவையானால் அவர்களே பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பர். "மெந்தாரி" என்னும் சமூக மனநல நிலையங்களும் பல இடங்களில் உள்ளன. சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தும் மனம் திறந்து பேசலாம். மருந்து உட்கொண்டால் சில வாரங்கள் கழித்தே முழுப்பயன் தெரியும். குணம் தெரிந்ததும் தாமாகவே நிறுத்திவிடலாகாது. நெடுநாள் நோயுற்றோர் சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகவும் பதிவு செய்துகொள்ளலாம்; மனநோய்க்கெனத் தனிப்பிரிவே அதில் உண்டு.

நான்காவதாக, சட்டத்தைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். முன்னர் தற்கொலைக்கு முயன்றவர் தண்டிக்கப்படலாம் என்னும் சட்டம் இருந்தது. ஆகவே, பல குடும்பங்கள் உண்மையை மறைத்து, மருத்துவ உதவியையும் இழந்தன. 2023-ஆம் ஆண்டில் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. உயிரை வெறுத்துப் பேசுபவரை இன்று நாடு குற்றவாளியாகக் காண்பதில்லை. உதவி தேவைப்படுபவராகக் காண்கிறது. அத்தகைய பேச்சு காதில் விழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே உதவி நாடுங்கள். ஆபத்து நெருக்கத்தில் இருந்தால் 999 எண்ணை அழையுங்கள்.

ஐந்தாவதாக, சிகிச்சை பெற்றுத் திரும்பியவரை நிரையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தினரும் மண்டோர்களும் அவருக்கு ஏற்ற வேலையைக் கொடுத்து உதவ வேண்டும். அண்டை வீட்டார் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அவரை அழைக்க வேண்டும். தோட்டங்களில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர் பலரும் நம்மோடு உழைக்கின்றனர். உறவினரைப் பிரிந்து வந்து, மொழியும் புரியாமல் தவிக்கும் அவர்களிடையேயும் இந்நோய் வரும். அவர்களையும் கவனியுங்கள்.

அன்பர்களே! மலாய்க்காரர் காற்று என்றனர். சீனர் நரம்பு என்றனர். தெமியார் வழிதவறிய ஆன்மா என்றனர். நாம் சன்னி என்றோம், கிரகம் என்றோம். அப்பெயர்களை எல்லாம் அவரவர் பாட்டிமார் தம் பிள்ளைகள்மீது கொண்ட கவலையினாலேயே சூட்டினர். அந்தக் கவலையை நாம் காப்பாற்றிக்கொள்வோம். அதனோடு வந்து ஒட்டிக்கொண்ட வெட்கத்தை மட்டும் கழற்றி எறிவோம். இன்றிரவு உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சாத்தியிருக்கும் ஒரு கதவு உங்கள் நினைவுக்கு வருமானால், நாளை வேலை முடிந்ததும் சென்று அந்தக் கதவைத் தட்டுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்? சுகாதார நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள்.